டபுள் எக்ஸெல் பாக்கெட்டில் ஒரு நுரையீரல்

எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடி வருபவர் எங்கள் மச்சான் வெள்ளியங்கிரிதான். வெறுங்கையோடு வர மாட்டார். ஆரஞ்சு, பிஸ்கட், இரண்டு இளநீர் என்று கை நிறைய இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் மனதார ஆறுதல் சொல்வார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் ஒன்று கேட்பார். எலும்பு கூடின பிற்பாடு அந்த எக்ஸ்ரே ஃபிலிம் உங்களுக்குத் தேவைப்படுமா?

அவர் மனைவியான என் அக்கா இந்துமதி இதைக் கேட்டு வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் பல. மச்சானுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

மச்சான் கட்டிங் மாஸ்டர். பேட்டர்ன் வெட்டி, அதன்படி துணி அறுப்பது அவர் தொழில். பேட்டர்ன் என்பது ஒவ்வொரு பாகத்துக்குமான அளவு அச்சு. கழுத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பாக்கெட்டுக்கு ஒன்று. துணிமேல் அதை வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து வெட்டுவார்கள். பெரிய கம்பெனிகளில் இப்போது கம்ப்யூட்டரே கோடு போட்டுத் தந்துவிடுகிறது. எங்களைப் போன்றவர்கள் புழங்கும் சின்ன யூனிட்டுகளில் இன்னும் அட்டைதான். அட்டையில் நூறு தடவை பேனா ஓடினால் ஓரம் தேய்ந்து அளவு கெட்டுவிடும். எக்ஸ்ரே ஃபிலிம் தேயாது, கிழியாது, டீ கொட்டினாலும் ஊறாது. பாக்கெட், பட்டன் பட்டை மாதிரி சின்னப் பாகங்களுக்கு அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை என்பது மச்சானின் முடிவு. எங்கள் அப்பாவின் இடுப்பெலும்பு மூன்று வருஷம் குழந்தைகள் ஜட்டியின் பக்கப் பட்டையாக ஓடியது. என்னுடைய முன்பற்கள் ஏதோ ஒரு நைட்டியின் கழுத்து லேபிளாக இருந்ததாகக் கேள்வி.

என் பெயர் கதிர்வேல். பல்லடம் ரோட்டில் பட்டன், எலாஸ்டிக், வெல்குரோ விற்கும் கடை வைத்திருக்கிறேன். மச்சானைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. முப்பது வருஷமாக அவர் என்னை "மாப்ளே, உன் எலாஸ்டிக் இழுத்தா வருது, விட்டாப் போக மாட்டேங்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். பதிலுக்கு நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

கொமரலிங்கத்தில் அமராவதிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. பதினெட்டு வயதில் திருப்பூர் பஸ் ஏறினார். முதல் நான்கு வருஷம் மேஜைமேல் துணி விரிக்கும் வேலை, அதன்பிறகுதான் கையில் கத்தரி. துணியை வீணாக்காமல் பேட்டர்ன்களை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு கைகளுக்கு நடுவே மிஞ்சும் முக்கோண இடத்தில்கூட ஒரு காலரைச் செருகிவிடுவார். ஒரு தடவை அடுக்கினால் அந்த அடுக்கு அவர் மண்டையில் பதிந்துவிடும். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய ஆர்டரைச் சொன்னால், எந்தப் பாகம் எந்த மூலையில் கிடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கல்யாண நாளைக் கேட்டால் மட்டும் அக்கா முகத்தைப் பார்ப்பார்.

பீடி உண்டு. இருபது வருஷம் ஊதித் தள்ளினார். அதை விட்ட கதையும் துணிக் கதைதான். ஒருநாள் வாசலில் பீடி குடித்துவிட்டு உள்ளே வந்தவரின் சட்டை மடிப்பிலிருந்து ஒரு பொறி விழுந்து, அடுக்கி வைத்திருந்த துணியில் ஓட்டை விழுந்துவிட்டது. மேலே இருந்த ஆறு மடிப்பு போச்சு. அக்கா பத்து வருஷம் அழுதும் போகாத பீடி, அந்த ஆறு மடிப்புத் துணிக்காக அன்றைக்கே போய்விட்டது. அக்காவுக்கு இதில் சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

மூன்று வருஷத்துக்கு முன் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் படியேறிப் போனோம். எப்போதும் எங்களுக்கு முன்னால் ஏறி, மேலே நின்று எங்களைக் கேலி பேசுகிறவர், அன்றைக்குப் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்பே வறட்டு இருமல் இருந்தது. பஞ்சுத் தூசு என்று நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. திருப்பூரில் இருமாதவன் யார்? ஆனால் அன்று அவர் நின்ற விதம் அக்காவைப் பயமுறுத்திவிட்டது. இன்று நாளை என்று அவர் இழுத்தடித்ததில் பல மாதம் போயின. கடைசியில் ஒரு திங்கட்கிழமை அக்காவே கையைப் பிடித்து நுரையீரல் டாக்டர் சித்ராதேவியிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவுக்கு வயது நாற்பது இருக்கும். காங்கேயம் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சுதான் பேசுவார். மச்சானின் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். அவர் விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் இந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று குழலை என் காதில் மாட்டிவிட்டார். மச்சான் மூச்சு இழுத்தார். நான் தினமும் கடையில் நூறு தடவை கேட்கும் சத்தம். ஒட்டியிருக்கும் வெல்குரோவை மெல்லப் பிரித்தால் வருமே, அதே சரசரப்பு. என் மச்சானின் முதுகுக்குள்ளிருந்து அது வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் அடிப்பகுதியில் தழும்பு. பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய இடம் விறைத்துப்போய்விடுகிறது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்றார் டாக்டரம்மா. பீடி ஒரு கை கொடுத்திருக்கலாம், தூசியும் கொடுத்திருக்கலாம், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். விழுந்த தழும்பு போகாது, மேற்கொண்டு பரவும் வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு என்றார். கடைசியாக, இப்படித் தழும்பு விழுந்த நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் வருஷம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், இந்த ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள் என்றும் சொன்னார்.

மச்சானுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் தனக்குப் பிடித்த இடத்தோடு கேட்பதை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் உண்டு. தழும்பு என்ற வார்த்தையிலேயே அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஊடு வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் போன் போட்டார்.

"புண்ணெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெறும் தழும்பாமா. தழும்புன்னா ஆறிப்போனதுதானுங்களே."

கத்தரி பிடித்துக் காய்ப்பேறிய கை அவருடையது. இடது கட்டைவிரலில் முப்பது வருஷத்து வெட்டுத் தழும்பு இருக்கிறது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கணக்கில் நுரையீரலையும் சேர்த்துவிட்டார். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டார், அதற்கு அக்கா காரணம். அடுத்த வருஷ ஸ்கேனுக்கு ஆர்டர் அவசரம் என்றார். அப்படி இப்படி என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்கு அக்கா அவரை இழுத்துப் போனது போன தை மாதம். நானும் போனேன். டாக்டரம்மா புதுப் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது பக்கம், கீழே, தழும்புகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. பதினாலு லைன் பட்டன் அளவு, அதாவது குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டன் அளவு. அவர் காட்டியிராவிட்டால் எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. சுற்றிலும் அத்தனை கோடுகள்.

"டாக்டரம்மா, அதுவும் ஒரு தழும்புதானுங்களே?" என்றார் மச்சான்.

"இருக்கலாமுங்க. இல்லாமலும் இருக்கலாம். கையில விழற தழும்பு ஆறிட்டு அக்கடான்னு கிடக்கும். இது அப்படியில்லீங்க மாஸ்டர். இங்க உடம்பு பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டே இருக்குது. ராப்பகலா ஆல்ட்ரேஷன் பண்ணிட்டே இருந்தா, ஒரு இடத்துல தையல் தப்பிப் போகுமில்லீங்களா? அப்படித் தப்புனது தன்பாட்டுக்குப் பெருக ஆரம்பிச்சா, அதுதான் கேன்சர்."

முதல் தடவையாக மச்சான் முழுவதும் கேட்டார் என்று நினைக்கிறேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து என்ன என்பதையும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இந்தப் புள்ளி இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே அளவில் இருந்திருந்தால், பெரும்பாலும் பயமில்லை, தொடாமல் விட்டுவிடலாம். அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதோ, அறுப்பதோ இவர் நுரையீரலுக்கு ஆபத்து. விறைத்த நுரையீரல் அதைத் தாங்காமல் மோசமாகிவிடக்கூடும். ஆகவே காரணமில்லாமல் கை வைக்கவும் முடியாது, காரணம் இருந்தால் வைக்காமல் இருக்கவும் முடியாது. பழைய அறிக்கையில் தழும்பு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. புள்ளியைப் பற்றிப் பேச்சே இல்லை. சின்னதாக இருந்து எழுதாமல் விட்டிருக்கலாம். தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பழைய ஃபிலிமைக் கொண்டு வாருங்கள் என்றார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவரைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் அல்லவா, அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"வெட்டிப் போட்டீங்களா?"

"ரெண்டு ஷீட்டு, புது ஃபிலிமு. நல்ல கனம்…" என்று அவர் முணுமுணுத்தார்.

ஊரார் எலும்பையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வாங்குகிறவர், சொந்த நெஞ்சு கையில் கிடைத்தால் விடுவாரா? ஆறிப்போன தழும்புக்குப் படம் எதற்கு என்று, ஆண்கள் டீ ஷர்ட் ஆர்டர் ஒன்றுக்கு ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸெல் வரை பாக்கெட் பேட்டர்ன் வெட்டிவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் ஆனை தன் காலையே வெட்டிப் பேட்டர்ன் போட்டுவிட்டது.

ஸ்கேன் சென்டரில் கேட்கலாம் என்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சென்டர் மூடிப்போய் ஒரு வருஷமாகி, அந்த இடத்தில் பேக்கரி நடக்கிறது. தேங்காய் பன் சூடாக இருந்தது, அதற்குமேல் ஒரு பிரயோசனமும் இல்லை. ஃபிலிமோடு ஒரு சி.டி.யும் கொடுத்திருந்தார்கள். அது அக்கா ஊட்டுக் கொய்யா மரத்தில் தொங்கி, இரண்டு மழைக்காலமாகக் கிளி விரட்டிக்கொண்டிருந்தது. மினுமினுப்பெல்லாம் உரிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்த அதை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கவில்லை.

அன்று மாலை அக்கா ஊட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மச்சான் திடீரென்று எழுந்து பழைய செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரித்தார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். நுரையீரலின் அடிப்பகுதிப் படங்கள் இரண்டாவது ஷீட்டில், கடைசி வரிசைகளில் வரும் என்று சொன்னதைச் சொன்னேன். மார்க்கர் பேனாவை எடுத்து, தாளில் ஷீட்டின் அளவுக்குக் கட்டம் போட்டார். கண்ணை மூடினார். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டாக வரைந்தார். மேலே இரண்டு எல். அதற்குக் கீழே படுக்கை வசத்தில் எக்ஸெல். கீழ் இடது மூலையில் டபுள் எக்ஸெல், அதன் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் தலைகீழாக ஒரு ஸ்மால். இடையில் ஒரு விரல் அகலம்கூட வீணில்லை.

"கடைசி ரெண்டு வரிசை முச்சூடும் டபுள் எக்ஸெல்லும் ஸ்மாலுந்தான். ஸ்மாலு நம்ம கம்பெனி ஆணியில தொங்குது" என்றார்.

மறுநாள் காலை அந்த ஸ்மாலை எடுத்துப் பார்த்தோம். முதுகெலும்பும், ஈரலும், ஒரு படத்தின் அரைவாசியும் இருந்தன. வேண்டிய இடம் அதில் இல்லை. ஆக, மச்சானின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. டபுள் எக்ஸெல் பாக்கெட்டில். அந்தப் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மச்சான் ஜன்னலைப் பார்த்தார்.

"நஞ்சப்பங்கிட்ட."

நஞ்சப்பன் ஊத்துக்குளியில் சின்ன யூனிட் வைத்திருப்பவர். மச்சானோடு ஒரே மேஜையில் துணி விரிக்கக் கற்றுக்கொண்டவர். போன வருஷம் அந்தப் பேட்டர்னைக் கைமாற்றாக வாங்கிப் போய், ஒரு கல்யாண வீட்டில் நான்கு பேருக்கு நடுவில், வெள்ளியங்கிரி போட்ட பாக்கெட் கால் இஞ்ச் தொங்குது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேட்டர்னைத் திருப்பிக் கேட்டால் தான் இறங்கிப் போனதாகிவிடும் என்று மச்சான் கேட்கவே இல்லை. நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம், என் பேட்டர்னை நான்தான் அடையாளம் பார்க்க வேண்டும் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நஞ்சப்பனின் யூனிட் மாடியில். பதினாறு படி. மச்சான் நான்கு படிக்கு ஒருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் எதையாவது ரசிப்பதுபோல் பாவனை செய்தார். ஒருமுறை மீட்டர் பெட்டியை ரசித்தார், ஒருமுறை யாரோ காயப்போட்டிருந்த துண்டை. அவர் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிடித்தால் கோபித்துக்கொள்வார். மேலே போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. தையல் மெஷின்களுக்கு நடுவிலிருந்து நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷக் கோபத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல், அவசரமாக ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

"என்றா வெள்ளியங்கிரி, இப்படி இரைக்குது?"

மச்சான் உட்கார்ந்து மூச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எம்பட நெஞ்சு உங்கிட்ட இருக்குதுடா. குடுத்துரு."

நஞ்சப்பன் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கட்டிங் மேஜையில் ஒடிசாக்காரர் ஒருவர் அதே பேட்டர்னை வைத்துத்தான் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தன் வேலையில் கெட்டி. இன்னும் பத்து பீஸ்தான், முடித்துவிட்டுத் தருகிறேன் என்று இந்தியிலும் தமிழிலுமாகச் சொல்லிப் பார்த்தார். இது ஒரு மனிதனின் நுரையீரல் என்று நஞ்சப்பன் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். அந்த மனிதர் பேட்டர்னைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மச்சானைப் பார்த்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார்.

மச்சான் வாங்கியதும் பார்த்தது நுரையீரலை அல்ல. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். அடிப்பக்கத்தில் கால் இஞ்ச் சீவப்பட்டிருந்தது.

"யாருடா இதைச் சீவினது?"

"தொங்குச்சுடா. அன்னைக்கே சொன்னேனில்ல" என்றார் நஞ்சப்பன்.

கேன்சரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்தவர், அந்தக் கால் இஞ்சுக்காக ஐந்து நிமிஷம் வாதாடினார். நான் நடுவில் புகுந்து, ஃபிலிமைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தேன். ஒரு முழுப் படம் வெட்டுப்படாமல் இருந்தது, அக்கம்பக்கத்துப் படங்கள் துண்டு துண்டாக. சீவியது ஓரத்தை மட்டும்தான். நஞ்சப்பன் எங்களோடு கீழே இறங்கி வந்து, மச்சானை வண்டியில் ஏற்றிவிட்டு, அதுவரை பிடித்திருந்த கையை விடாமல் சற்று நேரம் நின்றார். பாக்கெட்டைப் பற்றி அவர் அப்புறம் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை.

பகல் இரண்டு மணிக்கு டாக்டரம்மாவின் அறையில் இருந்தோம். அக்கா முன்பே வந்து காத்திருந்தாள். டாக்டரம்மா அந்தப் பாக்கெட்டை வாங்கி, ஒரு நிமிஷம் வாய்விட்டுச் சிரித்தார். பதினைந்து வருஷத்தில் இப்படியொரு பழைய படத்தை யாரும் கொண்டு வந்ததில்லையாம். சாக்பீஸ் தூளும் பேனாக் கோடும் அப்பியிருந்த அதை ஓரமாகத் துடைத்து, புதுப் படத்துக்குப் பக்கத்தில் விளக்குப் பெட்டியில் மாட்டினார். வலது பக்கம், கீழே, தழும்புகளுக்கு நடுவே பார்த்தார்.

"ஒரு புள்ளி இருக்கற மாதிரிதான் தெரியுதுங்க" என்றார் மெதுவாக.

எனக்கும் தெரிந்தது. கிட்டத்தட்ட அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு. பழசு. அப்படியானால் தொடாமல் விட்டுவிடலாம். என் உடம்பு முழுக்க இளகியது, அதை ஒளிப்பானேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, சிவன்மலை இருக்கும் திசை எதுவென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். இரண்டு நாளாக வராத கண்ணீர் அப்போது வந்தது. உதடு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா பூதக்கண்ணாடியை எடுக்க மேஜை டிராயரைத் திறந்தார்.

மச்சான் மட்டும் ஒன்றும் பேசாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, அது நான் வெள்ளைப் பேனாவுல வெச்ச புள்ளிங்க. லேபிள் தைக்கறதுக்கு சென்ட்டர் மார்க்கு. துடைச்சுப் பாருங்க."

டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தார். வெள்ளை மை பஞ்சோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் தழும்பின் கோடுகள் இருந்தன, புள்ளி இல்லை. அக்கா கூப்பிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி, இன்னும் இரண்டு வகை ஸ்கேன், நான்கு டாக்டர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். மூச்சு இன்னும் தாங்கும் நிலையில் இருப்பதால், ஓட்டை போட்டு அந்தச் சின்னப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனைவிட அதற்குப் பிந்திய பத்து நாள்தான் கண்டம் என்றும் சொன்னார்கள். தழும்பு சீறிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். அந்தப் பத்து நாளும் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. நான் கடையைத் திறந்து வைத்துவிட்டு, பட்டன் கேட்டவர்களுக்கு ஜிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நஞ்சப்பன் ஊத்துக்குளி வெண்ணெயைத் தூக்குப்போசியில் கொண்டு வந்து, ஐ.சி.யூ. வாசலில் நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

பதினோராம் நாள் மச்சான் பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய ஃபிலிமின் கனத்தை விசாரித்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

எடுத்துப் பரிசோதித்ததில் அது புற்றுநோய்தான். முதல் கட்டம், வேறெங்கும் பரவவில்லை. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், பழையது என்று ஒரு வருஷம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் சித்ராதேவி டாக்டர். மற்ற தழும்புகள் இருந்த இடத்தில் இருக்கின்றன, அவை போகாது. மாத்திரை தொடர்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இப்போது மச்சான் அரைநாள்தான் வேலைக்குப் போகிறார், மாடிப்படி உள்ள யூனிட்டுக்குப் போவதில்லை. மூச்சு வாங்குகிறது. கேலிப் பேச்சு மட்டும் துளியும் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஊட்டில் இருந்தேன். அக்கா அடுப்பில் தோசை வார்க்க, நாங்கள் இருவரும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அந்த நாளுக்கு வந்தது. அவ்வளவு பெரிய சந்தர்ப்பத்தில் பொய் சொல்லாமல் இருந்தாரே என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டேன். தொழில் சுத்தம் மாஸ்டருக்கு என்று கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன்.

மச்சான் தோசையைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ளே. சும்மா இருந்தர்லாம்னுதான் இருந்தேன். பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு, அது எம்பட மார்க்குன்னு. கத்தி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், வர்றப்ப வரட்டும்னு வாயை மூடிட்டுத்தான் உக்கார்ந்திருந்தேன்."

அக்கா கரண்டியோடு திரும்பினாள். அவர் அவளைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தே சொன்னார்.

"அப்பப் பார்த்து இவ எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டா. ஒரு பேனாப் புள்ளிக்குப் போயி இத்தனை நன்றி சொல்றாளேன்னு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. அக்காவும் எடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை.